கலைத்தாலும் கலையாத கட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சீட்டு மேஜிக் பற்றி எழுதும்போது, கட்டை முன்கூட்டியே ஒரு வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு செய்கிற வித்தைகளும் உண்டு என்று போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசுவோம். சீட்டுகளை நான் சொல்லிப் பழகியபடியே இஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று எழுதுகிறேன். ஏஸ் என்றால் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13. கணக்கு வரும் இடங்களில் இது நினைவில் இருந்தால் போதும்.

கேள்வி: கட்டை அடுக்கி வைத்துக்கொண்டு செய்வதெல்லாம் ஒரு வித்தையா, விரல் பழக்கம் இல்லாதவர்கள் செய்கிற குறுக்கு வழிதானே என்று என் நண்பர் கிண்டல் செய்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

குறுக்கு வழிதான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் உங்கள் நண்பர் ஒன்றைக் கவனிக்கவில்லை. விரல் செய்ய வேண்டிய வேலையை அடுக்கு செய்துவிடுகிறது என்பது உண்மை, ஆனால் அந்த வேலை காணாமல் போவதில்லை, வேறு இடத்துக்குப் போகிறது. சீட்டு வித்தை பார்க்கிற யாருக்கும் முதலில் வருகிற சந்தேகம், 'கட்டில் ஏதோ செய்து வைத்திருக்கிறான்' என்பதுதான். விரல் வித்தைக்காரருக்கு அந்தச் சந்தேகம் பொய்ச் சந்தேகம், அவர் கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். உங்களுக்கோ அது மெய்ச் சந்தேகம். அதை அவர்கள் மனசுக்குள் எழவே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை, அதற்குப் பேச்சு வேண்டும், நிதானம் வேண்டும், கட்டை எப்போது கையில் எடுக்கிறோம், எப்போது கீழே வைக்கிறோம் என்கிற கணக்கு வேண்டும். ஸ்பெயின் நாட்டின் ஹுவான் டமாரிஸ் இன்று உலகம் கொண்டாடுகிற சீட்டு வித்தைக்காரர், விரல் வேலையில் அவருக்கு எந்தக் குறையும் கிடையாது. அவரே தனக்கென்று ஒரு அடுக்கை உருவாக்கி, 52 சீட்டின் வரிசையையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் கிண்டல் செய்தால் ஒரு வித்தையைச் செய்து காட்டிவிடுங்கள், பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: எனக்குக் கணக்கு வரும், மனப்பாடம் வராது. எனக்கேற்ற அடுக்கு ஏதாவது இருக்கிறதா? எப்படி அடுக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லுங்கள்.

உங்களுக்காகவே பிறந்தது போல ஒன்று இருக்கிறது. பெயர் சை ஸ்டெபின்ஸ். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மேடைகளில் அந்தப் பெயரில் வித்தை காட்டியவர் இதைப் பரப்பினார். ஆனால் சீட்டுகளைக் கணக்குப்படி அடுக்கும் யோசனை அவருக்கும் மிகப் பழையது, 1593-லேயே இத்தாலியில் ஹொராஷியோ கலாஸ்ஸோ இப்படியொரு அடுக்கை எழுதி வைத்துவிட்டார்.

விதி இரண்டே இரண்டு. ஒவ்வொரு சீட்டும் அதற்கு முந்தையதைவிட 3 அதிகம், 13-ஐத் தாண்டினால் 13-ஐக் கழித்துவிட வேண்டும். இனம் எப்போதும் கிளாவர், ஆர்ட்டின், இஸ்பேடு, டைமன் என்று சுற்றி வரும். இந்த இன வரிசை எனக்கு ஆரம்பத்தில் குழம்பிக்கொண்டே இருந்தது. அப்புறம் 'கிளி ஆசையாய் இறுக்கி டை கட்டியது' என்று ஒரு வாக்கியம் வைத்துக்கொண்டேன், கி, ஆ, இ, டை. அதற்குப் பிறகு மறந்ததில்லை, அந்தக் கிளியைத்தான் மறக்க முடியவில்லை.

அடுக்குவதற்கு ஐந்து நிமிஷம் போதும். நான்கு இனத்தையும் தனித்தனிக் குவியலாகப் பிரித்து முகம் மேலே தெரியும்படி வையுங்கள். ஒவ்வொரு குவியலும் மேலிருந்து கீழாக ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே போக வேண்டும், ஏஸுக்கு அடுத்தது ராஜா. கிளாவர் குவியலின் மேலே ஏஸ், ஆர்ட்டினில் 4, இஸ்பேடில் 7, டைமனில் 10 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இனி கிளி வரிசைப்படி ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு சீட்டாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக, முகம் மேலே தெரியவே, போட்டுக்கொண்டே வாருங்கள். கிளாவர் ஏஸ், ஆர்ட்டின் 4, இஸ்பேடு 7, டைமன் 10, கிளாவர் ராஜா, ஆர்ட்டின் 3, இஸ்பேடு 6, டைமன் 9, கிளாவர் ராணி என்று தானாக வந்து விழும். நடுவில் ஒரு இடத்தில் 3 கூடவில்லை என்றால் ஏதோ ஒரு குவியலில் வரிசை தப்பியிருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திச் சரி செய்யுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

முடிந்ததும் கட்டைத் திருப்பினால் கிளாவர் ஏஸ் மேலே நிற்கும். இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. 26 சீட்டுகளை எண்ணி இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் மேல் சீட்டைத் திருப்பிக்கொண்டே போனால், கிளாவர் ஏஸுக்கு எதிரே இஸ்பேடு ஏஸ், ஆர்ட்டின் 4-க்கு எதிரே டைமன் 4 என்று கடைசி வரை ஜோடி ஜோடியாக வரும். முதல் முறை அடுக்கிவிட்டு இதைத் தனியாக உட்கார்ந்து செய்து பாருங்கள், அடுக்கு சரியா என்று சோதித்த மாதிரியும் ஆயிற்று.

கேள்வி: சை ஸ்டெபின்ஸ் அடுக்கு தெரியும். ஒருவர் எடுத்த சீட்டைச் சொல்வது எப்படி என்பதுதான் தெரியவில்லை. கட்டை வெட்டினால் வரிசை கெடாதா?

வெட்டினால் கெடாது. கட்டை ஒரு கோடாக நினைக்காமல் வளையலாக நினையுங்கள், கடைசிச் சீட்டுக்கு அடுத்தது முதல் சீட்டு. வளையலை எங்கே பிடித்தாலும் வளையல்தான். ஒரு முறை வெட்டினாலும் நூறு முறை வெட்டினாலும் ஆரம்பப் புள்ளி மட்டும்தான் நகரும். ஆனால் வெட்டு முழு வெட்டாக இருக்க வேண்டும், மேல் பாதி அப்படியே கீழே போக வேண்டும். நடுவிலிருந்து ஒரு கொத்தை உருவி மேலே வைத்தால் அது வெட்டு இல்லை, வளையலை உடைப்பது.

சீட்டைச் சொல்வது இப்படி. கட்டை விசிறி மாதிரி விரித்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அவர் எங்கிருந்து உருவினாரோ அந்த இடத்திலேயே கட்டைப் பிரித்து, மேல் பகுதியைக் கீழ்ப் பகுதிக்கு அடியில் வைத்துவிடுங்கள். இப்போது கட்டின் அடியில் இருப்பது அவர் எடுத்த சீட்டுக்கு முந்தைய சீட்டு. அதை ஒரு நொடி பார்த்தால் போதும். டைமன் 9 என்றால் 3 கூட்டி 12, டைமனுக்கு அடுத்த இனம் கிளாவர், ஆக அவர் கையில் கிளாவர் ராணி. ஆர்ட்டின் ஜாக்கி என்றால் 14, கழித்தால் 1, அதனால் இஸ்பேடு ஏஸ்.

பார்ப்பதுதான் கஷ்டம், கணக்கு இல்லை. கட்டைக் குனிந்து பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் செய்வது, 'உங்கள் சீட்டை எனக்குக் காட்டாமல் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொண்டே, கட்டு பிடித்திருக்கும் கையையும் என் நெஞ்சருகே கொண்டுபோய் எப்படி வைக்க வேண்டும் என்று நடித்துக் காட்டுவேன். அந்தக் கை மேலே போகும்போது அடிச்சீட்டு தானாக என் பக்கம் திரும்பும். அவர் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், என்னைப் பார்க்க மாட்டார். சீட்டைத் திரும்பி வாங்கும்போது கட்டின் மேலேயோ அடியிலேயோ வையுங்கள், வளையல் பழையபடி மூடிக்கொள்ளும், அடுத்தவரிடம் போகலாம்.

ஒன்று, தெரிந்தவுடனே சொல்லிவிடாதீர்கள். சிவப்பா கறுப்பா என்று யோசிப்பது போல் நில்லுங்கள், ஒரு தப்பு வழியில் போய்த் திரும்புங்கள். ஒரே நொடியில் பதில் சொன்னால் பார்ப்பவர் கட்டைச் சந்தேகப்படுவார். நீங்கள் திணறினால் அவர் கட்டை மறந்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

கேள்வி: நான் வித்தை காட்டிக்கொண்டிருக்கும்போதே என் அக்கா, 'என்னடா இது சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்புன்னு வருது' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். என்ன செய்வது?

அக்காவுக்கு நல்ல கண். சை ஸ்டெபின்ஸின் பெரிய ஓட்டை இதுதான், முகம் தெரிய விரித்தால் நிறம் மாறி மாறி நிற்பது பளிச்சென்று தெரியும். மூன்று வழி இருக்கிறது. முகத்தைக் காட்டாமலே செய்வது ஒன்று. காட்டினாலும் சட்டென்று ஒரு நொடி விரித்து மூடுவது இரண்டு, பொதுவாக மக்கள் கண்ணுக்குக் கலவையாகத்தான் தெரியும், அக்காக்கள் விதிவிலக்கு. மூன்றாவது, 'எட்டு ராஜாக்கள்' என்கிற அடுக்குக்கு மாறுவது. அதில் எண் வரிசை 8, ராஜா, 3, 10, 2, 7, 9, 5, ராணி, 4, ஏஸ், 6, ஜாக்கி. மூன்று மூன்றாகக் கூடுகிற ஒழுங்கு இதில் இல்லாததால் எண்ணைப் பார்த்து யாரும் பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியம் உண்டு, நீங்கள் தமிழில் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். நிறம் மாறி வருவது மட்டும் இதிலும் அப்படியேதான், இனத்தை அதே சுழற்சியில் வைத்தால்.

அக்காவுக்கு முன்னால் மட்டும் மனப்பாட அடுக்கைப் பயன்படுத்துங்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

கேள்வி: அடுக்கி வைத்த கட்டை யாராவது வாங்கிக் கலைத்துவிட்டால்? உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?

நடக்காமல் இருக்குமா. ஒரு பிறந்த நாள் கொண்டாட்டம், இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள், நான் இரண்டு வித்தைகளை முடித்துவிட்டு உச்சக்கட்டமான மூன்றாவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். கட்டை மேஜைமேல் வைத்துவிட்டேன். அதுதான் தப்பு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து சீட்டை விரித்தேன், ஒரு பெரியவர் ஒன்றை எடுத்தார், நான் அடிச்சீட்டைப் பார்த்து, கண்ணை மூடி, நெற்றியில் விரலை வைத்து, 'உங்கள் கையில் இருப்பது இஸ்பேடு 5' என்று கம்பீரமாகச் சொன்னேன். அவர் டைமன் 8-ஐக் காட்டினார். பக்கத்தில் நின்ற பையன் ரொம்ப உதவியாக, 'நீங்க தண்ணி குடிக்கும்போது நான் கலைச்சு வெச்சேன் அங்கிள்' என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். கட்டைக் கையைவிட்டு வைத்தால் திரும்ப எடுக்கும்போது அடியிலிருந்து இரண்டு மூன்று சீட்டைக் கண்ணோட்டம் விட்டு, கிளி வரிசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இன்னொன்று, அடுக்கே தேவைப்படாத ஒரு வித்தையை எப்போதும் கைவசம் வைத்திருப்பேன், கட்டு கலைந்துவிட்டது தெரிந்தால் முகம் மாறாமல் அதற்குத் தாவிவிடலாம். அவர்கள் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு வரவில்லையே, தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு ஆறுதலும் சொல்கிறேன். கலைப்பது என்று மக்கள் நினைப்பது பெரும்பாலும் கலைப்பதே இல்லை. கையில் வைத்துக் கொத்துக் கொத்தாகத் தள்ளிக் கலைக்கும்போது ஒவ்வொரு கொத்துக்குள்ளும் வரிசை அப்படியே உயிரோடு இருக்கும். இரண்டு பாதியாகப் பிடித்துக் கட்டைவிரலால் சர்ரென்று விட்டுக் கலைக்கிறார்களே, அந்த ரிஃபிள் முறைகூட ஒரு தரம் செய்தால் பழைய வரிசையை இரண்டு இழையாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துத்தான் வைக்கிறது, எந்த இழையும் அறுபடுவதில்லை. கட்டு நன்றாகக் கலைய ரிஃபிள் ஏறக்குறைய 7 முறை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் இருவரும் 1992-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த டயகோனிஸ், 14 வயதில் வீட்டைவிட்டு டாய் வெர்னன் என்கிற மேஜிக் மேதையோடு ஊர் சுற்றக் கிளம்பியவர், பின்னால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். சீட்டு விளையாடினால் உருப்பட மாட்டாய் என்று சொல்கிறவர்களிடம் இவர் பெயரைச் சொல்லலாம். வீட்டைவிட்டு ஓடியதை மட்டும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: கலைக்காமலே கலைத்த மாதிரி காட்டுவது எப்படி? ரொம்பக் கஷ்டமான விரல் வேலை எல்லாம் வேண்டாம்.

சார்லியர் என்று ஒரு முறை, உங்களுக்குச் சரியாக இருக்கும். கட்டு இடது கையில். மேலிருந்து ஐந்தாறு சீட்டை வலது கைக்குத் தள்ளுங்கள். அடுத்து இடது கைக் கட்டின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து வலது கைச் சீட்டுகளின் மேலே வையுங்கள். மறுபடி இடது கையின் மேலிருந்து கொஞ்சம், இந்தத் தடவை வலது கைச் சீட்டுகளின் அடியில். மேலிருந்து எடுத்தால் அடிக்கு, அடியிலிருந்து எடுத்தால் மேலுக்கு, இடது கை காலியாகும் வரை இப்படியே. பார்க்க, சீட்டு பிடிக்கவே தெரியாத ஒருவர் தாறுமாறாகக் கலைக்கிற மாதிரி இருக்கும். நடந்ததோ ஒரே ஒரு வெட்டு. நம்பாவிட்டால் அடுக்கிய கட்டில் செய்து பாருங்கள், வளையல் உடைந்திருக்காது.

இதைச் செய்யும்போது கட்டையே முறைத்துப் பார்க்காதீர்கள், எதிரில் இருப்பவரிடம் ஏதாவது கேள்வி கேளுங்கள். உண்மையில் சீட்டைக் கலைக்கிற எவரும் சீட்டைப் பார்ப்பதில்லை. முடிந்ததும் அவரிடம் நீட்டி, 'நீங்களும் ஒரு முறை வெட்டுங்கள்' என்றால் போதும். வீட்டுக்குப் போய்க் கதை சொல்லும்போது அவரே, 'நான்தான் கலைத்துக் கொடுத்தேன்' என்று சொல்வார். நான் இதை எத்தனையோ முறை காதால் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 12 வயது. 52 சீட்டை அடுக்கப் பொறுமை இல்லை. சின்னதாக ஏதாவது சொல்லுங்களேன்.

நான்கே நான்கு சீட்டு அடுக்கினால் போதும், வா. நான்கு ஏஸையும் எடுத்துக் கட்டின் மேலே வைத்துக்கொள். அவ்வளவுதான் அடுக்கு.

இப்போது யாரையாவது அந்தக் கட்டை நான்கு குவியலாகப் பிரித்து வைக்கச் சொல். ஏஸ் இருக்கிற குவியல் எது என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள், அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மற்ற குவியல்களில் ஒன்றைக் காட்டி, அதை எடுத்து மேலே இருக்கும் மூன்று சீட்டை ஒவ்வொன்றாக அடிக்கு அனுப்பச் சொல், அப்புறம் மேலிருந்து மற்ற மூன்று குவியல்களுக்கும் ஆளுக்கொரு சீட்டுப் போடச் சொல். இப்படியே அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியாக ஏஸ் குவியல். அதன் தலையில் இதுவரை மூன்று வேண்டாத சீட்டு ஏறியிருக்கும், அந்த மூன்றும் அடிக்குப் போய்விடும், ஏஸ்கள் ஒவ்வொரு குவியலுக்கும் ஒன்றாகப் போய் உட்காரும். நான்கு குவியலின் மேல் சீட்டையும் அவரையே திருப்பச் சொல்.

நீ ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை, கவனித்தாயா? அதை அவருக்கு ஞாபகப்படுத்திவிட்டு, அப்புறம் திருப்பச் சொல். ஒரே ஆளிடம் மறுநாளும் இதையே காட்டாதே.

கேள்வி: எனக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. 52 சீட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்வதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான் ஐயா. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்த சைமன் அரான்சன் உருவாக்கிய அடுக்கு, டமாரிஸின் அடுக்கு, இரண்டையும் உலகம் முழுக்க எத்தனையோ பேர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஞாபகசக்தியில் புலிகள் இல்லை. கணக்கு ஒழுங்கே இல்லாத வரிசை என்பதால் கட்டை முகம் தெரிய எவ்வளவு நேரம் விரித்து வைத்தாலும் யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. 52 சீட்டை வரிசைப்படுத்தக்கூடிய வழிகளை எண்ணினால் 68 இலக்க எண் வரும், அதில் ஏதோ ஒன்று உங்கள் தலைக்குள் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றப்போகிறது!

வறட்டு மனப்பாடம் வேண்டாம், படமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதற்கென்று எழுத்து முறைகள் இருக்கின்றன, எனக்கு அவை ஒட்டவில்லை. நம் பழைய தமிழ் எண்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, மூன்று ங, நான்கு ச, ஐந்து ரு, ஆறு சு, ஏழு எ, எட்டு அ, ஒன்பது கூ. அந்த எழுத்தில் தொடங்குகிற ஒரு பொருள் அந்த எண்ணுக்கு. கதவு, உலக்கை, சட்டை, ருத்ராட்சம், சுத்தியல், எலி, அணில், கூடை. ங-வுக்குச் சொல் கிடைக்காது, எழுத்தே வளைந்து நிற்கிறதே என்று வளையலை வைத்துக்கொண்டேன். என் சொந்த அடுக்கில் ஏழாவது சீட்டு டைமன் ராணி. ஒரு எலி, ராணியின் கழுத்தில் ஏறி வைரமாலையைக் கடித்து இழுக்கிறது, ராணி சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்று அலறுகிறாள். இதை ஒரு தரம் நினைத்துவிட்டால் மறக்க நினைத்தாலும் முடியாது. படம் எவ்வளவு அசிங்கமாக, அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒட்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து சீட்டு என்றால் பதினோரு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் உண்மையான பழக்கம். கட்டைக் கலைத்து ஒவ்வொன்றாகத் திருப்பி அதன் எண்ணைச் சொல்ல வேண்டும், அப்புறம் எண்ணை நினைத்துச் சீட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் வர வேண்டும், ஒரு பக்கம் வந்தால் மறு பக்கம் தானாக வரும் என்று நினைத்து நான் ஏமாந்திருக்கிறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எதிரே போகிற வண்டிகளின் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்து, 52-க்குள் இருந்தால் அந்தச் சீட்டைச் சொல்லிப் பாருங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டாம், சுற்றியிருப்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

கேள்வி: 8 முறை கலைத்தால் கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மை. ஆனால் சாதாரணக் கலைப்பு இல்லை, ஃபேரோ என்பது. சரியாக 26, 26 எனப் பிரித்து, ஜிப் போடுவது போல் ஒன்று விட்டு ஒன்றாகப் பின்ன வேண்டும், மேல் சீட்டும் அடிச்சீட்டும் இடம் மாறாமல். 8 முறை தப்பில்லாமல் செய்தால் முதல் வரிசை வந்துவிடும். மேல் சீட்டு உள்ளே போகும்படி பின்னினால் 52 முறை. இதற்குக் கை பழக ரொம்ப நாள் ஆகும், நல்ல கட்டும் வேண்டும்.

கேள்வி: இதையெல்லாம் காசு வைத்து ஆடும் இடத்தில் பயன்படுத்தினால்?

அடி விழும். அதற்குமேல் இந்தப் பகுதியில் பதில் இல்லை. ஆனால் ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஆட்டத்தின் நடுவே ரகசியமாக மாற்றி வைக்கிற அடுக்கிய கட்டுக்குச் சூதாடிகள் 'கோல்ட் டெக்' என்பார்கள். ஆடிக்கொண்டிருந்த கட்டு பல கைகள் பட்டுச் சூடாக இருக்கும், புதிதாக வந்தது குளிர்ந்திருக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

கேள்வி: நான் கட்டை எடுத்தாலே என் மனைவி, 'முதல்ல குடுங்க, நான் கலைக்கிறேன்' என்று கையை நீட்டுகிறாள். போலியாகக் கலைப்பது, வெட்டுவது எதுவும் அவளிடம் செல்லாது. வேறு வழி இல்லையா?

குடுத்துவிடுங்கள். நிஜமாகவே கலைக்கட்டும்.

நார்மன் கில்பிரெத் என்பவர் 1958-ல் வெளியிட்ட ஒரு தத்துவம் உங்களைக் காப்பாற்றும். சிவப்பு, கறுப்பு மாறி மாறி வரும்படி கட்டை அடுக்குங்கள், வேறு எதுவும் வேண்டாம். அவரிடம் கொடுத்து, முகம் கீழே இருக்கும்படி மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், பாதிக்கு வந்ததாக அவருக்குத் தோன்றும்போது நிறுத்தட்டும். சரியாகப் பாதி வேண்டியதில்லை. இப்போது மேஜையில் ஒரு குவியல், கையில் ஒரு குவியல். இரண்டையும் ரிஃபிள் முறையில் ஒன்றாகக் கலைக்கட்டும், நன்றாக, கோணலாக, எப்படி வேண்டுமானாலும். அப்புறம் மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சிவப்பு ஒரு கறுப்பு இருக்கும், 26 ஜோடியிலும்.

ஏன் என்று கேட்பாராக இருக்கும், நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை மேஜையில் போடும்போது அந்தப் பாதியின் வரிசை தலைகீழாகிவிடுகிறது. அதனால் இரண்டு குவியலின் மேல் சீட்டும் எப்போதும் வேறு வேறு நிறம். கலைத்த கட்டின் முதல் இரண்டு சீட்டும் ஒரே குவியலிலிருந்து வந்திருந்தால் அவை அடுத்தடுத்த சீட்டுகள், நிறம் வேறு. ஆளுக்கொன்றாக வந்திருந்தாலும் நிறம் வேறு. அந்த இரண்டும் போன பிறகு மேலே நிற்பவை மறுபடி வேறு வேறு நிறம். கடைசி வரை இதே கதைதான். இதை முதல் முறை புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வித்தையைவிட அந்தக் காரணம் அழகாக இருந்தது.

இன்னும் தைரியம் இருந்தால் சை ஸ்டெபின்ஸ் கட்டையே கொடுங்கள். அதே மாதிரி போட்டு, கலைத்த பிறகு, இரண்டிரண்டாக எடுத்தால் சிவப்பும் கறுப்பும், நான்கு நான்காக எடுத்தால் நான்கு இனமும், பதின்மூன்று பதின்மூன்றாக எடுத்தால் ஏஸ் முதல் ராஜா வரை எல்லா எண்ணும் ஒவ்வொன்று இருக்கும். ஆனால் ஒரே வீட்டில் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடாதீர்கள், முதலில் ஜோடி மட்டும்.

கலைத்து முடித்த கட்டை நீங்கள் வாங்கவே வேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள், அவரே இரண்டிரண்டாக எடுத்துத் திருப்பட்டும். முதல் நான்கைந்து ஜோடிக்குத் தற்செயல் என்பார், பத்தாவதில் வேகம் குறையும், பதினைந்தாவதில் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். ஒன்று மட்டும் கவனம், ரிஃபிள் ஒரே ஒரு முறைதான். 'இரு, இன்னொரு தடவை கலைக்கிறேன்' என்று அவர் ஆரம்பித்தால், தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள்.